சீன மொழி வகுப்பும் பண்பாட்டு நாளும்: விழாவுக்கு வரும் கூட்டம் வகுப்பில் தங்க என்ன வழி?

நாணல்:

வணக்கம். சீன மொழி பேசாதவர்கள் மத்தியில் மாண்டரின் வகுப்பு ஒன்று தொடங்குகிறோம். பெரியவர்களுக்கு 12 வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். ஆக மொத்தம் 36 மணி நேரம். மாண்டரின் தாய்மொழியான ஆசிரியர் ஒருவர், உதவிக்கு நான்கு தன்னார்வலர்கள். கூடவே ஆண்டுக்கு இரண்டு பண்பாட்டு நாள்: வசந்த விழாவை, அதாவது சீனப் புத்தாண்டை, ஒட்டி ஒன்று, நிலா விழாவை ஒட்டி ஒன்று.

முதலில் உச்சரிப்பா, எழுத்தா? 36 மணி நேரத்தில் மாணவர்களிடம் எதை எதிர்பார்ப்பது நியாயம்? விழாவுக்கு இருநூறு பேர் வந்துவிட்டு வகுப்பில் ஐந்து பேர் மட்டும் சேரும் நிலை வராமல் நிகழ்ச்சியை எப்படி அமைப்பது? சீன அரசு ஆதரவில் சீன மொழி கற்பிக்கும் கன்பூசியஸ் நிறுவனம் போன்ற அமைப்புகளிடம் உதவி கேட்கலாமா? அளவும் நேரமும் எங்கே தவறும் என்பதும் தெரிந்தால் போதும், விரிவாகவே எழுதுங்கள்.


அலைவரிசை:

முதல் இரண்டு வாரம் சீன எழுத்தே வேண்டாம். ஒலி மட்டும் போதும். தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம், தப்பாகப் பதிந்துவிட்டால் பிறகு அதை அழிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

தொனியைத் தனித்தனியாக நான்கு என்று சொல்லிக்கொடுத்து நிறுத்துவதுதான் பெரும்பாலான வகுப்புகளின் முதல் பிழை. ‘மா’ என்பதை நான்கு விதமாகச் சொல்ல எல்லோருக்கும் பத்து நிமிடத்தில் வந்துவிடும். இரண்டு அசை சேர்ந்ததும் குழம்பிவிடும். அதனால் சோடி சோடியாகப் பழக்குங்கள். நான்கு தொனியும் நான்கு தொனியும் சேர்ந்தால் 16 சோடி. மூன்றும் மூன்றும் சேரும்போது முதலாவது இரண்டாம் தொனியாக மாறிவிடுவதால் காதில் விழுவது 15. இந்தப் 15 சோடிக்கும் ஒவ்வொரு சொல் தேர்ந்தெடுத்துச் சுவரில் ஒட்டி, 12 வாரமும் ஒவ்வொரு வகுப்பின் முதல் எட்டு நிமிடத்தில் ஓட்டுங்கள். கடைசி வாரம் வரை நிறுத்தாதீர்கள்.

தமிழர் வாய்க்குத் தொனியைப் பிடித்துக் கொடுக்க நம் பேச்சே உதவும். முதல் தொனி, மருத்துவர் தொண்டையைப் பார்க்கும்போது ‘ஆ’ என்று ஒரே மட்டத்தில் இழுப்பதுபோல, உயரத்தில் நிற்கும். இரண்டாவது, நம்ப முடியாமல் ‘ஆ?’ என்று கேட்பது. நான்காவது, கண்டிப்பாகப் ‘போ!’ என்பது. மூன்றாவதுதான் சிக்கல். பாடநூல்கள் அதைப் பள்ளம்போல இறங்கி ஏறும் கோடாக வரைகின்றன. மாணவர்கள் ஒவ்வொரு சொல்லிலும் இறங்கி ஏறப் பார்த்து, வாக்கியமே ஊஞ்சலாடுகிறது. உண்மையில் தனியாகவோ வாக்கிய முடிவிலோ வரும்போதுதான் அது ஏறும். மற்ற தொனிகளுக்கு முன்னால் வெறுமனே தாழ்ந்தே இருக்கும். ‘அடித்தொண்டையில் தாழ்வாக வை’ என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தொனி ஏன் முக்கியம் என்று முதல் நாளே காட்ட இரண்டு எடுத்துக்காட்டு போதும். ‘மாய்’ மூன்றாம் தொனியில் வாங்குவது, நான்காம் தொனியில் விற்பது. ‘ஷுவெய்ஜியாவ்’ இரண்டு அசையும் நான்காம் தொனியானால் தூங்குவது, இரண்டும் மூன்றாம் தொனியானால் வேகவைத்த கொழுக்கட்டை. உணவகத்தில் தூக்கம் கேட்டுவிட்டு நிற்பது எவருக்கும் புரியும்.

அடுத்தது மெய்யொலி. பின்யினில், அதாவது சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையில், ‘பெய்ஜிங்’ என்பதன் முதல் எழுத்தையும் ‘பிங்பாங்’ என்பதன் முதல் எழுத்தையும் தமிழில் ஒரே ‘ப’வாக எழுதுகிறோம். மாண்டரினில் இவை வேறு. வேறுபாடு ஆங்கிலத்தில் போல அதிர்வில் இல்லை, மூச்சில் இருக்கிறது. ‘பெய்ஜிங்’கின் முதல் ஒலி நம் ‘பல்’, ‘பால்’ என்பதில் வரும் அதே ப. ‘பிங்பாங்’கின் ஒலிக்கு மட்டும் மூச்சைத் தள்ள வேண்டும். ஒரு விரற்கடை அகலத்துக்கு மெல்லிய காகிதத்தைக் கிழித்து உதட்டுக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள். முதலாவதில் காகிதம் அசையக் கூடாது, இரண்டாவதில் துள்ள வேண்டும். க, த வரிசையிலும், ச, ஜ வரிசையிலும் இதே மூச்சு வேறுபாடுதான். ஆங்கிலம் படித்த தமிழர்கள் ‘பெய்ஜிங்’கை ஆங்கில எழுத்தைப் பார்த்து அதிர்வோடு சொல்கிறார்கள். அதைத் திருத்தினால் தமிழ் வாய் இயல்பாகவே சரியாக இருக்கும்.

இதே காரணத்துக்காக மாணவர்கள் குறிப்பேட்டில் தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொள்ள விடாதீர்கள். தமிழ் எழுத்தில் மூச்சும் தெரியாது, தொனியும் தெரியாது. பின்யினையே எழுதட்டும், தொனிக் குறியோடு. இந்த இழையில் நாம் தமிழில் எழுதுவது வாசிக்கும் வசதிக்காக மட்டுமே.

இரண்டு இடத்தில் தமிழருக்கு மற்றவர்களைவிட எளிது. சீனத்தில் ‘மனிதன்’ என்ற சொல்லின் முதல் ஒலி பின்யினில் ‘ர’ எழுத்தால் எழுதப்பட்டாலும் நம் ‘ழ’வுக்கு மிக அருகில் நிற்கிறது. ‘ழென்’ என்று இரண்டாம் தொனியில் சொன்னால் ஏறக்குறைய சரி. ‘ஷ’ ஒலிக்கு நாக்கு நுனி ‘ட’ சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும் என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள். கடினமான உயிரொலி ஒன்று உண்டு. வாய்க்குள் ‘ஈ’யை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ‘ஊ’ போலக் குவிப்பது. மீன், பெண், பச்சை ஆகிய சொற்களில் வரும். கண்ணாடி முன் நின்று பழக வேண்டியது அது ஒன்றுதான்.

எழுத்துகள் மூன்றாம் வாரம் முதல். ஒரு வகுப்புக்கு ஆறு எழுத்துக்கு மேல் வேண்டாம். கையால் எழுதக் கற்பது 40, பார்த்துப் படிப்பது 100 என்று பிரித்துவிடுங்கள். எல்லாவற்றையும் கையால் எழுத வைப்பதால்தான் ஐந்தாம் ஆறாம் வாரத்தில் ஆள் குறைகிறது. கைப்பேசியில் பின்யின் தட்டிச் சரியான எழுத்தைத் தேர்ந்தெடுப்பதும் வாசிப்புப் பயிற்சிதான், அதை இரண்டாம் வாரமே நிறுவிக் கொடுங்கள். அகராதிக்குப் பிளெக்கோ செயலி, மீள்பார்வைக்கு ஆன்கி செயலி.

எழுத்தைக் கோடுகளின் கூட்டமாகக் காட்டாமல் உறுப்புகளாகக் காட்டுங்கள். ஆளும் மரமும் சேர்ந்தால் ஓய்வு. சூரியனும் நிலாவும் சேர்ந்தால் ஒளி. ஆனால் இத்தகைய அழகான சேர்க்கைகள் குறைவு. பெரும்பாலானவை ஒரு பக்கம் பொருளையும் மறுபக்கம் ஒலியையும் சுட்டுபவை. ‘குதிரை’ என்பதன் ஒலி ‘மா’. அதன் பக்கத்தில் பெண் குறி வந்தால் அம்மா, வாய் குறி வந்தால் கேள்விச் சொல். குதிரைக்கும் அம்மாவுக்கும் பொருள் தொடர்பு தேடிக் கதை கட்டாதீர்கள். ஒலிக்காக வந்த குதிரை அது. இந்த உண்மையைச் சொல்லிக்கொடுத்தால் புதிய எழுத்தின் ஒலியை அவர்களே ஊகிக்கத் தொடங்குவார்கள்.

எதிர்பார்ப்பு பற்றி. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுபவர்கள் மாண்டரினில் தொழில்முறைத் திறன் பெற 2,200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கிடுகிறது. 36 மணி நேரம் அதில் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். ‘மூன்று மாதத்தில் சரளமாகப் பேசலாம்’ என்று அறிவிப்பில் போட்டால் எட்டாம் வாரத்தில் நம்பிக்கை போய்விடும். தன்னை அறிமுகப்படுத்துவது, எண், நேரம், விலை, உணவு கேட்பது, குடும்பம் சொல்வது என்று எழுதுங்கள். எச்எஸ்கே என்ற சீன மொழித் திறன் தேர்வின் பழைய திட்டத்தில் முதல் நிலைக்கு 150 சொல், இரண்டாம் நிலைக்கு 300. உங்கள் வகுப்பு முதல் நிலைக்குச் சரியாகப் பொருந்தும். அந்த இரண்டு நிலையின் தாளிலும் எழுத்துகளோடு பின்யினும் அச்சாகியிருக்கும், கையெழுத்துப் பகுதி கிடையாது. 2021இல் வந்த ஒன்பது நிலைத் தரத்தில் முதல் நிலைக்கே 500 சொல். தேர்வு மையம் எந்தத் திட்டப்படி நடத்துகிறது என்று உறுதிசெய்யாமல் மாணவரிடம் ‘முதல் நிலைக்குத் தயார்’ என்று சொல்லாதீர்கள். வாய்மொழித் தேர்வு தனி, அதற்குத் தனியாகப் பதிய வேண்டும்.

ஒரு வகுப்பில் 14 பேருக்கு மேல் வேண்டாம். தன்னார்வலர்களை வகுப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு சோடிப் பயிற்சிக்கு அனுப்புங்கள். வீட்டுப்பாடமாக 20 வினாடிக் குரல் பதிவு போதும். பதில் அனுப்பும்போது ஒரு பதிவுக்கு ஒரே ஒரு திருத்தம். ஐந்து திருத்தம் அனுப்பினால் அடுத்த பதிவு வராது.


பந்தல்:

விழாப் பக்கம் நான் சொல்கிறேன்.

கூட்டம் வகுப்பாக மாறாததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. விழாவில் மக்கள் பார்க்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், வாயைத் திறந்து ஒரு சீனச் சொல் சொல்வதில்லை. சிங்க நடனம் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதை முடிவில் வைத்தால் அதுவரை கூட்டம் வேடிக்கை பார்க்கக் காத்திருக்கும், முடிந்ததும் கலைந்துவிடும். நடுவில் வையுங்கள், 15 நிமிடத்துக்குள். முரசும் ஜால்ராவும் மூடிய அரங்கில் காதைப் பிளக்கும், கைக்குழந்தைகளுக்கு விலகி நிற்க ஓர் அறை ஒதுக்குங்கள்.

வாயைத் திறக்க வைக்கும் எளிய கருவி ஓர் அட்டை. உள்ளே வரும்போதே கொடுத்துவிடுங்கள். அதில் ஐந்து வாக்கியம்: வணக்கம், நன்றி, என் பெயர் இன்னது, என்ன விலை, மீண்டும் சந்திப்போம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு வாக்கியத்தைச் சொன்னால்தான் முத்திரை. மேசையை நடத்துவது உங்கள் மாணவர்கள், ஆசிரியர் இல்லை. பத்து வாரம் படித்தவர் 200 பேருக்கு அதே வாக்கியத்தைத் திருத்திக்கொடுக்கும்போது அவருக்கும் அது என்றைக்கும் மறக்காது. வருபவரும் ‘இவரே மூன்று மாதத்தில் இவ்வளவு பேசுகிறாரே’ என்று பார்க்கிறார். எந்தத் துண்டறிக்கையாலும் அந்த நம்பிக்கையைத் தர முடியாது.

ஐந்து முத்திரையும் விழுந்த அட்டையின் பின்புறம் ஏழு நாளுக்குள் நடக்கும் 45 நிமிட இலவச அறிமுக வகுப்பின் நாள், நேரம், இருக்கை எண் அச்சாகியிருக்க வேண்டும். ‘விருப்பமிருந்தால் தொடர்புகொள்ளுங்கள்’ என்று போட்டால் யாரும் தொடர்புகொள்ள மாட்டார்கள். நாளும் எண்ணும் கையில் இருந்தால் வருவார்கள். ஒரு தொகுதிக்கு 12 இருக்கை, மூன்று தொகுதி.

அதிக வரிசை நிற்கும் மேசை எப்போதும் சீனப் பெயர் எழுதும் மேசைதான். ஒருவருக்கு நான்கு நிமிடம் ஆகும். ஒரு மேசையில் ஒரு மணிக்கு 15 பேர் மட்டுமே, இருநூறு பேருக்கு ஒரு மேசை போட்டால் சண்டை வரும். மூன்று மேசை போடுங்கள், முன்பதிவில் பெயரை வாங்கி எழுத்துகளை முன்னரே தேர்ந்துவையுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் பெயரைத் தட்டி வருவதை அப்படியே எழுதுவது ஆபத்து. சில நேரம் பெயரின் பொருளை மொழிபெயர்த்துவிடும், சில நேரம் ஒலி சரியாக இருந்து பொருள் விகாரமாக இருக்கும். நீளமான தமிழ்ப் பெயரை ஏழு எட்டு எழுத்தாக இழுக்காமல் இரண்டு மூன்றில் முடித்து, சீனம் தாய்மொழியான ஒருவர் கண்ணில் காட்டிவிடுங்கள். பெயரைச் சிவப்பு மையால் எழுதாதீர்கள், சீன வழக்கில் அது அமங்கலம். பெயர் அட்டையை விழாவிலேயே கொடுங்கள், அதைத் தன் கையால் எழுதப் பழகுவதை அறிமுக வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தூரிகைப் பயிற்சிக்கு மை வேண்டாம். தண்ணீர் தொட்டு எழுதினால் கறுப்பாகத் தெரிந்து சில நிமிடத்தில் காய்ந்து மறையும் துணி கிடைக்கிறது. சீன மை உடையில் பட்டால் போகாது. ஆசிரியர் செய்துகாட்டும் மேசையில் மட்டும் உண்மையான மையும் ஷுவான் காகிதமும் இருக்கட்டும். தூரிகையைச் செங்குத்தாகப் பிடிப்பது, மணிக்கட்டைக் கொண்டு எழுதாமல் முழங்கையோடு நகர்த்துவது, இந்த இரண்டை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

கொழுக்கட்டை மேசை. மைதா 500 கிராமுக்குத் தண்ணீர் 250 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. பிசைந்து மூடி 30 நிமிடம் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். 9 கிராம் உருண்டையாக வெட்டினால் 80 வரும். வட்டமாகத் தேய்க்கும்போது நடு தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்க வேண்டும், மடித்த இடத்தில் இரண்டு ஓரம் சேர்வதால். கோஸை நறுக்கி உப்புத் தூவி 20 நிமிடம் கழித்துப் பிழிந்துவிடுங்கள். பிழியாத கோஸ்தான் கொழுக்கட்டை வாய் பிளப்பதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் ஓரத்தில் எண்ணெய் படுவது, பட்டால் ஒட்டாது. கொதிக்கும் நீரில் போட்டதும் கரண்டியின் முதுகால் மெதுவாகத் தள்ளிவிடுங்கள், அடியில் பிடிக்காது. கொதி வந்ததும் ஒரு கோப்பை குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டும். இறைச்சியானால் இப்படி மூன்று முறை, காய்கறியானால் ஒன்றிரண்டு முறை.

உணவு அட்டை தெளிவாக இருக்கட்டும். சீனத்தில் வெறுமனே ‘இறைச்சி’ என்று சொன்னால் பன்றியிறைச்சி என்றே பொருள். சமைப்பவர் ‘இறைச்சி’ என்று சொன்னதை அப்படியே மொழிபெயர்த்து எழுதிவிட்டால் பன்றியிறைச்சி உண்ணாதவர்கள் ஏமாறுவார்கள். சைவத்துக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. கோதுமை, சோயா, எள், வேர்க்கடலை, முட்டை, இறால் எதில் இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள்.

தேநீர் மேசையில் மூடிக் கோப்பை 110 மில்லி, ஊலோங் இலை 6 கிராம், கொதி நீர். முதல் வடிப்பு 15 வினாடி, பிறகு ஒவ்வொரு தடவையும் ஐந்து பத்து வினாடி கூட்டுவது. பச்சைத் தேயிலையானால் நீரை 80 பாகைக்கு ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். ஒரு தடவைக்கு நான்கு பேர் மட்டும் உட்காரலாம். கூட்டத்துக்குப் பரிமாறும் இடமாக இதை ஆக்கிவிடாதீர்கள். பேசுவதற்கான இடம் இது. ‘என் பெயர்’ என்ற வாக்கியத்தை இங்கே வையுங்கள்.

தாய்ச்சி செய்துகாட்டுவதற்கு 24 அசைவுத் தொகுப்பு அழகுதான். 1956இல் எளிமையாக்கப்பட்டது, ஐந்தாறு நிமிடத்தில் முடியும். ஆனால் பார்வையாளர் கூடவே செய்ய அது வராது. எட்டே அசைவுள்ள பாதுவான்ஜின் என்ற உடற்பயிற்சியை வையுங்கள், நின்ற இடத்திலேயே செய்யலாம்.

ஹான்ஃபூ என்ற மரபுச் சீன உடை உடுத்திப் படம் எடுக்கும் மேசை வைத்தால் ஒன்றே ஒன்று கவனியுங்கள். உடுத்தியவரின் இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாறினால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. கண்ணாடியைப் பார்த்து உடுத்தும்போது குழப்பம் வரும், பக்கத்தில் ஒருவர் நின்று சரிபார்க்கட்டும்.


வழிப்போக்கர்:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, வகுப்புக்குச் சீன வம்சாவளியினர் வந்தால் தொடக்க வகுப்பில் அப்படியே உட்கார வைக்காதீர்கள். வீட்டில் கேட்டுப் பழகியதால் புரியும், பேசவும் வரலாம், படிக்க வராது. மற்றவர்கள் தொனியோடு போராடும் இரண்டு வாரமும் அவர்களுக்கு வீண். எழுத்து வகுப்பைத் தனியாக வைத்து மூன்றாம் வாரத்திலிருந்து சேருங்கள். வீட்டு மொழி மாண்டரின் என்றும் நினைத்துவிடாதீர்கள். கன்டனீஸ், ஹொக்கியன், தியோச்சியூ, ஹக்கா எதுவாகவும் இருக்கலாம். கன்டனீஸ் பேசும் பெரியவரிடம் ‘கொங் ஹே ஃபாட் சோய்’ என்ற அவர் புத்தாண்டு வாழ்த்து தவறு என்று ஒரு மாணவர் திருத்தப் போனால் உறவு கெடும். எழுத்திலும் அப்படித்தான். பெருநிலச் சீனாவிலும் சிங்கப்பூரிலும் எளிமையாக்கிய எழுத்து, தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபெழுத்து. வகுப்புக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், மற்றதை மதித்துப் பேசுங்கள்.

இரண்டு, குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்க்காதீர்கள். அவர்களுக்கு 45 நிமிடம் போதும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை செயல் மாற வேண்டும். தொனியைக் கையால் காற்றில் வரையச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான ஒய்சிடி தேர்வின் முதல் நிலைக்கு 80 சொல்தான்.

விழா நாள் சந்திரக் கணக்கில் மாறுவதை மறந்து அரங்கு பதிவு செய்பவர்கள் உண்டு. நிலா விழா எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள், 2026இல் செப்டம்பர் 25. வசந்த விழா 2027இல் பிப்ரவரி 6. வசந்த விழாவன்று சீனக் குடும்பங்கள் வீட்டில் இருக்க விரும்புவார்கள். முந்தைய இரவு குடும்ப விருந்து. அன்றைக்கே விழா வைத்தால் உங்களுக்கு உதவ வேண்டியவர்கள் வரமாட்டார்கள். முதல் மாதம் பதினைந்தாம் நாளான விளக்கு விழா வரை புத்தாண்டுக் காலம்தான். 2027இல் அது பிப்ரவரி 20, சனிக்கிழமை. அதற்குப் பொருத்தமான விளையாட்டும் அந்த விழாவிலேயே இருக்கிறது, விளக்குகளில் விடுகதை எழுதித் தொங்கவிடுவது. விடுகதையைப் பின்யினில் எழுதித் தொங்கவிட்டால் மாணவர்களும் கலந்துகொள்வார்கள்.

வியட்நாமியரும் கொரியரும் அதே காலத்தில் தங்கள் புத்தாண்டைக் கொண்டாடுகிறார்கள். அவர்களும் வருவார்கள் என்றால் அழைப்பிதழில் பெயரை யோசித்துப் போடுங்கள்.


நாணல்:

மிக்க நன்றி. அட்டை யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். வாசலின் இரு பக்கமும் சிவப்புக் காகித வாழ்த்து ஈரடிகளும், அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் ‘ஃபூ’ எழுத்தும் ஒட்டப்போகிறோம். ‘ஃபூ’வைத் தலைகீழாகத்தானே ஒட்ட வேண்டும்? ஈரடியில் எது எந்தப் பக்கம்?


அலைவரிசை:

வாசல் கதவில் ‘ஃபூ’ நேராக இருப்பதே வழக்கம். ‘தலைகீழ்’ என்பதும் ‘வந்து சேர்ந்தது’ என்பதும் சீனத்தில் ஒரே ஒலி, ‘தாவ்’. அந்தச் சிலேடைக்காகத்தான் தலைகீழாக ஒட்டுவது. அதை வீட்டுக்குள் அலமாரி, நீர்க்குடம் போன்றவற்றில் ஒட்டுவார்கள். உங்கள் அரங்கில் இரண்டையும் வைத்து, தலைகீழானதைக் காட்டி ‘ஃபூ தாவ் லெ’ என்று மக்களைச் சொல்ல வையுங்கள். பேரதிர்ஷ்டம் வந்து சேர்ந்தது என்று பொருள்.

ஈரடி பற்றிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. தொனி தெரிந்தால்தான் அதைச் சரியாக ஒட்ட முடியும். கதவைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம் முதல் அடி, இடப்பக்கம் இரண்டாம் அடி. எது முதல் அடி என்று கண்டுபிடிக்கக் கடைசி எழுத்தின் தொனியைப் பாருங்கள். மூன்றாவது அல்லது நான்காவது தொனியில் முடிந்தால் முதல் அடி. முதலாவது அல்லது இரண்டாவதில் முடிந்தால் இரண்டாம் அடி. பழைய இலக்கணத் தொனியைப் பின்பற்றிய ஈரடிகளில் சில சொற்கள் இன்றைய தொனியோடு ஒத்துவராது, ஆனால் கடையில் கிடைக்கும் புத்தாண்டு ஈரடிகளுக்குப் பெரும்பாலும் இது சரியாக வரும். மேலே குறுக்காக ஒட்டும் நான்கெழுத்து வரியையும் பாருங்கள். அது வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருந்தால் முதல் அடி வலப்பக்கமே. இடமிருந்து வலமாக எழுதப்பட்டிருந்தால் முதல் அடியை இடப்பக்கம் ஒட்டுவதும் இன்று உண்டு. இரண்டு அடியிலும் எழுத்து எண்ணிக்கை சமமாக இருக்கும், பெயர்ச்சொல்லுக்கு நேரே பெயர்ச்சொல், வினைக்கு நேரே வினை வரும்.

இதையே பத்தாம் வார வகுப்பில் பயிற்சியாக வைக்கலாம். நான்கு சோடி ஈரடிகளைக் கலைத்துப் போட்டு, அகராதியில் கடைசி எழுத்தின் தொனியைத் தேடி, எது வலம் எது இடம் என்று மாணவர்களே பிரிக்கட்டும். விழாவன்று வாசலில் ஒட்டும் வேலையும் அவர்களுடையதே. தொனி என்பது தேர்வுக்கு மட்டும் என்று நினைத்தவர் கையில் பசையோடு நின்று ‘இது நான்காம் தொனி, வலப்பக்கம்’ என்று சொல்லும்போது மொழியும் பண்பாடும் தனித்தனி நிகழ்ச்சி இல்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும்.


கணக்கன்:

நிதி பற்றி யாரும் தொடவில்லை.

கன்பூசியஸ் நிறுவனங்கள் 2004இல் தென்கொரியத் தலைநகர் சோலில் தொடங்கின. பல்கலைக்கழகங்களோடு கூட்டு ஒப்பந்தத்தில் இயங்குபவை அவை. முன்பு சீனக் கல்வி அமைச்சகத்தோடு இணைந்த ஹான்பன் நடத்தியது. 2020இல் அமைப்பை மாற்றி, நிறுவனங்களின் பொறுப்பைச் சீனச் சர்வதேசக் கல்வி அறக்கட்டளையிடம் கொடுத்தார்கள். பாடத்திலும் பேச்சுரிமையிலும் தலையீடு உண்டா என்ற சர்ச்சையில் பல நாடுகளில் இவை மூடப்பட்டன. சிகாகோ பல்கலைக்கழகம் 2014இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, சுவீடனில் 2020க்குள் அனைத்தும் மூடப்பட்டன. மறுபுறம், நல்ல பாடநூலும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் தேர்வு மையமும் இவற்றின் மூலம் கிடைத்த இடங்களும் ஏராளம்.

மரபெழுத்தில் கற்பிப்பதானால் தைவான் பக்கம் டோக்ஃபல் என்ற சீன மொழித் திறன் தேர்வு இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2021 முதல் தைவான் மாண்டரின் கற்றல் மையங்களையும் அந்நாட்டு அரசு ஆதரிக்கிறது.

யாரிடம் உதவி வாங்கினாலும் ஒப்பந்தத்தில் நான்கு வரியைத் தேடிப் படியுங்கள். பாடநூலைத் தேர்வது யார்? ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் யார்? நிகழ்ச்சிக்கு யாரை அழைப்பது என்பதில் அவர்களுக்கு மறுப்புரிமை உண்டா? ஒப்பந்தம் முடிந்தால் மாணவர் பட்டியல் யாரிடம் இருக்கும்? இந்த நான்கும் உங்கள் கையில் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். நூல், விளக்கு, உடை, தூரிகை போன்ற பொருளுதவி என்றால் சிக்கல் குறைவு. ஆசிரியர் சம்பளம் முழுவதையும் வெளியாரிடம் விட்டுவிட்டால் அவர்கள் விலகும் நாளில் வகுப்பும் நின்றுவிடும். சம்பளத்தை மாணவர் கட்டணத்திலும் விழாவை நன்கொடையிலும் நடத்துவதே என் பரிந்துரை.

விழா நடத்த இன்னொரு நாளும் இருக்கிறது. ஏப்ரல் 20 ஐநாவின் சீன மொழி நாள். சீன எழுத்தை உருவாக்கியவராகத் தொன்மங்கள் சொல்லும் சாங்ஜியேவை நினைவுகூரும் வகையில் குயூ என்ற பருவநாளை ஒட்டி வைத்தது. அரங்கு, சமையல், நடனம் எதுவும் வேண்டாம். ஒரு நூலகத்தின் வாசிப்பறை, 12 தூரிகை, நீர்த்துணி, உங்கள் மாணவர்கள் இருந்தால் போதும். செலவு குறைந்த இந்த நாளில் சேர்க்கை மேசையை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு நிலா விழாவுக்குப் போங்கள்.


பந்தல்:

கணக்கன் சொன்னதோடு ஒன்று. சேர்க்கை மேசையில் இருப்பவர் ஒரு தாளில் மூன்று எண்ணை மட்டும் குறித்துவைக்கட்டும்: ஐந்து முத்திரையும் வாங்கியவர்கள், அறிமுக வகுப்புக்கு வந்தவர்கள், ஆறாம் வாரத்திலும் இருப்பவர்கள். முதல் எண்ணுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் பெரிய சரிவு என்றால் அறிமுக வகுப்பின் நாளும் நேரமும் தவறு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் என்றால் எழுத்துச் சுமையைக் குறையுங்கள், அலைவரிசை சொன்ன ஆறு என்பதை நான்காக்கிப் பாருங்கள்.